2124-4007: சுவிட்சில் ஹோம்ப்ரூ போட்டவர்களுக்குத் தடை எப்படி வந்தது

நின்டெண்டோவின் கேம் கன்சோலான சுவிட்சில் இ-ஷாப் ஐகானைத் தொட்டதும் கடை திறக்காமல் 2124-4007 என்ற பிழை எண் வந்தால், அந்தச் சாதனத்தின் ஆன்லைன் வாழ்க்கை அநேகமாக முடிந்துவிட்டது. இந்தச் சாதனத்தில் ஆன்லைன் சேவைகளை நின்டெண்டோ தற்போது தடுத்திருக்கிறது என்று கூடவே ஒரு வரி இருக்கும். எந்தச் செயலுக்காக, எந்தத் தேதியில் நடந்ததற்காக என்பது இருக்காது. முன்னதாக எச்சரிக்கையும் வந்திருக்காது.

2018-லிருந்து ஹோம்ப்ரூ பக்கம், அதாவது நின்டெண்டோவின் அனுமதி இல்லாமல் வெளியார் எழுதிய நிரல்களை ஓட்டும் பக்கம், போன பலர் இந்த எண்ணைப் பார்த்திருக்கிறார்கள். விளையாட்டுகளைத் திருட்டுத்தனமாக ஏற்றியவர்கள் அதில் அதிகம். ஆனால் ஆட்டத்தின் முன்னேற்றம் பதிவாகும் சேவ் கோப்பைப் பத்திரப்படுத்தவோ தாமே எழுதிய சிறு நிரலை ஓட்டிப் பார்க்கவோ மட்டும் விரும்பியவர்களும் அதே பயத்தோடுதான் இருந்தார்கள். ஹோம்ப்ரூ ஓட்டினால் தடை வரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. ஹோம்ப்ரூ ஓடிய தடயத்தை வைத்துக்கொண்டு, தன் சொந்த அடையாளத்தைக் காட்டிச் சாதனம் சர்வரோடு பேசுகிறதே, அந்த இடத்தில்தான் தடை விழுகிறது. எது ஓடியது என்பதைவிட எது வெளியே போனது என்பதே இங்கே முக்கியம். இந்த விவகாரத்தை அந்தக் கோணத்தில்தான் பார்க்கப் போகிறேன்.

திருத்த முடியாத ஓட்டை

சுவிட்ச் 2017 மார்ச் 3 அன்று விற்பனைக்கு வந்தது. உள்ளே இருப்பது என்விடியாவின் டெக்ரா எக்ஸ்1 சிப். பவர் கொடுத்ததும் முதலில் ஓடும் சிறு நிரல் இந்தச் சிப்புக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபின் நின்டெண்டோவாலும் அதை மாற்ற முடியாது. அதில் பழுதுபார்ப்புக்கென்று ஒரு யூஎஸ்பி மீட்பு நிலை உண்டு. அந்த நிலையில் கணினி சாதனத்தின் நிலவரத்தைக் கேட்கலாம், பதில் எத்தனை பைட் வேண்டும் என்றும் சொல்லலாம். கேட்கிற நீளம் நியாயமானதா என்று சிப் சரிபார்ப்பதில்லை. 65,535 பைட் வரை கேட்டாலும் நகலெடுக்கத் தொடங்கிவிடும். நகல் தனக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, அடுத்து எங்கே போய் ஓட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும் இடத்தையும் அழித்து எழுதிவிடும். அங்கே நம் நிரலின் முகவரி இருந்தால் சிப் அதையே ஓட்டும்.

சுவிட்சை ஆராய்ந்துவந்த கேட் டெம்கினும் ரீசுவிட்ச்டு குழுவினரும் இதற்கு ஃபியூசே ஜெலே என்று பெயர் வைத்தார்கள். என்விடியாவுக்கும் நின்டெண்டோவுக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, ஜூன் நடுவில் விவரத்தை வெளியிடலாம் என்று காத்திருந்தார்கள். இடையில் வேறு யாரோ கசியவிட்டதால் 2018 ஏப்ரலிலேயே வெளியிட வேண்டியதாகிவிட்டது. ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழுவும் தனியாக இதே ஓட்டையைக் கண்டுபிடித்திருந்தது. அவர்களும் அதே சமயத்தில் வெளியிட்டார்கள். 2017 முடிவதற்குள்ளேயே சுமார் 1.48 கோடி சுவிட்ச்கள் விற்றிருந்தன. அத்தனையிலும் இந்த ஓட்டை இருந்தது.

செய்முறையும் எளிதுதான். பக்கவாட்டில் மாட்டும் கன்ட்ரோலரான ஜாய்-கானில் வலதைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் அடியில் இருக்கும் பின்களில் குறிப்பிட்ட இரண்டை ஜிக் என்ற சின்னக் கருவியால் இணைக்க வேண்டும். தொடக்கத்தில் பேப்பர் கிளிப்பை வளைத்தே செய்தார்கள். வால்யூம் கூட்டும் பொத்தானைப் பிடித்தபடி பவரை அழுத்தினால் திரையில் ஒன்றும் வராது, சாதனம் அணைந்து கிடப்பது போலவே இருக்கும். கேபிளைக் கணினியில் செருகினால் ஏபிஎக்ஸ் என்ற பெயரில் ஒரு சாதனம் பட்டியலில் எட்டிப் பார்க்கும். அதற்கு ஒரு சிறு நிரலை அனுப்பினால் கறுப்புத் திரையில் ஹெகாட்டே என்ற தொடக்க நிரலின் மெனு வந்து நிற்கும். அடுத்த முறை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், சாதனத்தில் நிரந்தரமாக எதுவும் மாறியிருக்காது.

2018 நடுவிலிருந்து வந்த சாதனங்களில் நின்டெண்டோ இந்த வழியை அடைத்தது. 2019 ஆகஸ்டில் சிப்பே மாறியது. அதற்குப் பிறகு வந்தவற்றில் சாலிடர் செய்து மோட்சிப் என்ற கூடுதல் சிப்பைப் பொருத்த வேண்டியிருந்தது.

எதற்காகப் போட்டார்கள்

இந்தக் கேள்வியைப் பலர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்: திருட்டு. அது நியாயமில்லை. சுவிட்ச் வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேல், ஒரு சேவ் கோப்பை வெளியே நகலெடுத்து வைக்க அதில் எந்த வழியும் கிடையாது. எஸ்டி கார்டுக்கு மாற்ற முடியாது, கணினிக்கும் எடுக்க முடியாது. நூறு மணி நேரம் ஆடிய விளையாட்டு, மதர்போர்டு போனால் கூடவே போய்விடும். 2018 செப்டம்பரில் கட்டணச் சேவையோடு கிளவுட் சேமிப்பு வந்தது. அதிலும் ஸ்பிளாட்டூன் 2 போன்றவை சேரவில்லை. 2020 மார்ச்சில் வந்த அனிமல் கிராசிங் புதிய பதிப்புக்குத் தீவைப் பத்திரப்படுத்தும் வசதி கிடைக்க ஜூலை ஆயிற்று. ஹோம்ப்ரூவில் செக்பாயின்ட், ஜேகேஎஸ்வி போன்ற நிரல்கள் இந்த வேலையைச் சில நொடிகளில் செய்துகொண்டிருந்தன. இதைத் தேடி வந்தவர்களைக் கள்ளப்பிரதி விற்றவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

திருட்டும் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. டீம் எக்ஸிகியூட்டர் என்ற குழு எஸ்எக்ஸ் ஓஎஸ் என்ற பெயரில், கள்ளப்பிரதி ஓட்டுவதற்கான மென்பொருளைக் காசுக்கு விற்றது. அதில் இருந்த கேரி பவுசர் 2020-இல் கைதாகி, 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றத்தில் 40 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஹோம்ப்ரூக்காரர்களின் முக்கியமான மென்பொருளான ஆட்மாஸ்ஃபியர் இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. கள்ளப்பிரதி நிறுவ, நின்டெண்டோவின் கையொப்பம் இருக்கிறதா என்ற சோதனையை ஏமாற்ற வேண்டும்; அந்த வசதி அதில் சேர்க்கப்படவில்லை. இரண்டுக்கும் நடுவே கோடு தெளிவாகத்தான் இருந்தது. சர்வரிடமிருந்து வந்த தடைச் செய்தி மட்டும் இரு தரப்புக்கும் ஒன்றுதான்.

சர்வர் எதைப் பார்க்கிறது

ஆட்மாஸ்ஃபியரை எழுதிய சைரஸ்எம் 2018 ஜூனில் இதை விரிவாக விளக்கினார். நடந்தது அத்தனையும் அதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

ஒவ்வொரு சுவிட்சுக்கும் தொழிற்சாலையிலேயே தனி டிஜிட்டல் சான்றிதழ் ஒன்று வைக்கப்படுகிறது. உள் நினைவகத்தில் பிராட்இன்ஃபோ என்ற சிறு பகுதியில் அது இருக்கும். வண்டிக்குச் சேசிஸ் எண் எப்படியோ அப்படி: பெயின்ட் அடிக்கலாம், ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் மாறலாம், எண் மாறாது. சாதனம் எந்த ஆன்லைன் சேவைக்குப் போனாலும் முதலில் இந்தச் சான்றிதழைக் காட்டித்தான் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். நின்டெண்டோ தடை செய்வது இதைத்தான். அதனால் மெமரியை முழுக்க அழித்து ஃபேக்டரி ரீசெட் செய்தாலும் தடை போகாது. உங்கள் கணக்கை வேறு சுவிட்சில் போட்டால் அது பெரும்பாலும் வழக்கம்போல வேலை செய்யும்.

அடுத்த அடுக்கு விளையாட்டுக்கானது. விளையாட்டுக் கார்டு போட்டு ஆடினால், அந்தக் கார்டில் இருக்கும் தனிச் சான்றிதழ் சர்வருக்குப் போகும். ஒரே விளையாட்டின் லட்சம் கார்டுகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் நின்டெண்டோவின் கையொப்பம். ஒரு கார்டின் நகலை நாலு ஊரில் நாலு பேர் ஓட்டி ஆன்லைன் வந்தால், ஒரே சான்றிதழ் நாலு சாதனங்களிலிருந்து வருவது உடனே தெரிந்துவிடும். டிஜிட்டலாக வாங்கினால் டிக்கெட் ஒன்று வரும். அதில் எந்தச் சாதனம், எந்தக் கணக்கு என்பதெல்லாம் எழுதப்பட்டுக் கையொப்பமிடப்பட்டிருக்கும். போலியாக ஒன்றைத் தயாரிக்க வழியில்லை. திருடிய விளையாட்டோடு ஆன்லைன் போனவர்கள் அவ்வளவு வேகமாகச் சிக்கியதற்கு இதுதான் காரணம்.

ஹோம்ப்ரூ மட்டும் ஓட்டியவர் இந்த இரண்டு சோதனையிலும் சிக்க மாட்டார். அவருடைய கார்டு அசல், டிக்கெட்டும் அசல். அவரைக் காட்டிக்கொடுப்பவை வேறு. எந்த நிரல் எவ்வளவு நேரம் ஓடியது என்ற குறிப்புகளைச் சுவிட்ச் அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு நிரல் செயலிழந்தால் அதன் அடையாள எண்ணோடு பிழை அறிக்கை தயாராகி, இணையம் கிடைத்ததும் புறப்பட்டுவிடும். ஹோம்ப்ரூவை வழக்கம்போல ஆல்பம் (படங்கள் பார்க்கும் பகுதி) வழியாகத் திறக்காமல், விளையாட்டு போலவே முகப்புத் திரையில் நிறுவினால், நின்டெண்டோ எந்தக் காலத்திலும் வெளியிடாத ஒரு அடையாள எண் பதிவுகளில் உட்கார்ந்துவிடும். சேவ் கோப்பைத் திருத்தி ஆன்லைன் போட்டியில் இறங்கினால் அது தனிக் கதை, அங்கே மற்ற ஆட்டக்காரர்களே புகார் செய்வார்கள்.

சரி, தடை வந்தால் என்ன போகும்? இ-ஷாப், ஆன்லைன் ஆட்டம், கிளவுட் சேமிப்பு போகும். ஏற்கெனவே இறக்கிய விளையாட்டும் கார்டும் ஓடும். பக்கத்தில் இருப்பவரோடு வயர்லெஸ்ஸில் ஆடலாம். சாதாரணத் தடையில் சிஸ்டம் அப்டேட்டும் விளையாட்டு அப்டேட்டும் கிடைத்துக்கொண்டிருந்தன. அதையும் சேர்த்து மூடும் கடுமையான தடையும் சிலருக்கு விழுந்தது.

இதற்கு ஓராண்டு முன்னால், 2017 மே மாதத்தில், நின்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ் வைத்திருந்தவர்கள் கிட்டத்தட்ட இதே அனுபவத்தைப் பெற்றிருந்தார்கள். 002-0102 என்ற எண்ணோடு ஒரே அலையாகத் தடை வந்தது. எதைப் பார்த்துப் பிடித்தோம் என்று நின்டெண்டோ சொல்லவில்லை. தடை ஒட்டியிருந்தது நண்பர் பட்டியலுக்கான அடையாளக் கோப்பில் என்று கண்டுபிடித்து, வேறொரு 3டிஎஸ்ஸின் கோப்பைப் போட்டுப் பலர் மீண்டும் ஆன்லைன் போனார்கள். சுவிட்சில் நின்டெண்டோ அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்திருந்தது.

பாதுகாப்பு என்று நம்பியவை

ஹோம்ப்ரூக்காரர்களிடையே அதிகம் புழங்கிய தவறான நம்பிக்கை எமுஎம்எம்சி பற்றியது. சுவிட்சின் உள் நினைவகத்தை எஸ்டி கார்டில் அப்படியே நகலெடுத்து, ஹோம்ப்ரூவை அந்த நகலில் மட்டும் ஓட்டுவது; அசலைத் தொடாமல் ஆன்லைனுக்கு வைத்துக்கொள்வது. யோசனை நல்லதுதான், பதிவுகள் இரண்டும் கலக்காது. ஆனால் நகலிலும் இருப்பது அதே சான்றிதழ். எமுஎம்எம்சியிலிருந்து ஒருமுறை சர்வரைத் தொட்டுத் தடை வாங்கினால், அசல் பக்கமும் சேர்ந்தே போகும். நகல் தனியாக இருப்பதால் மட்டும் நீங்கள் தனி ஆள் ஆகிவிட மாட்டீர்கள்.

அதனால் கூடவே இரண்டு வேலை தேவை. முதலாவது, ஆட்மாஸ்ஃபியரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி: எமுஎம்எம்சியில் ஓடும்போது பிராட்இன்ஃபோவை வெற்றாகக் காட்டு என்பது. சான்றிதழே கையில் இல்லாத சாதனம் சர்வர் வாசலில் எதைக் காட்டும்? இரண்டாவது, முகவரித் தடுப்பு. ஆட்மாஸ்ஃபியர் தானாகவே பிழை அறிக்கை, பயன்பாட்டுக் குறிப்பு ஆகியவற்றை வாங்கும் சர்வர்களின் முகவரிகளை மட்டும் திசைதிருப்பிவிடும். நின்டெண்டோவின் மற்ற சர்வர்கள் எல்லாம் திறந்தே இருக்கும். முழுவதையும் அடைக்க, எஸ்டி கார்டில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நாமே ஒரு வரி சேர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், ஆட்மாஸ்ஃபியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடக் கூடாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று: ஹெகாட்டே மூலம் உள் நினைவகம் முழுவதையும் ஒரு நகல் எடுத்து வீட்டில் வேறு இடத்தில் வைப்பது. பிராட்இன்ஃபோ கெட்டுப்போய், கையில் நகலும் இல்லாமல் நின்றால், தடையே இல்லாமலும் அந்தச் சாதனம் இனி ஆன்லைன் போகாது. ஏற்கெனவே புறப்பட்டுப்போன பதிவை எந்த நகலாலும் திரும்பக் கூப்பிட முடியாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுத்தமான நகலைத் திரும்பப் போடுவது, இணையத்தைத் தொடுவதற்கு முன்னால் செய்தால்தான் பயன்.

நின்டெண்டோவின் பக்கம் எவ்வளவு நியாயம்

ஆன்லைன் ஆட்டத்தில் ஏமாற்றுபவரையும் கள்ளப்பிரதியோடு வருபவரையும் தன் சர்வரிலிருந்து வெளியேற்ற ஒரு நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. சர்வர் அவர்களுடையது. நேர்மையாக ஆடுபவர்களுக்கு அவர்கள் பட்டிருக்கும் கடமையும் அதுதான். என் ஆட்சேபம் முறை பற்றியது. காரணம் சொல்லாமல், கால வரையறை இல்லாமல், மேல்முறையீட்டுக்கு என்று ஒரு வழி வகுக்காமல், காசு கொடுத்து வாங்கிய பொருளின் பாதிப் பயனை நிறுத்துவதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியவில்லை.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. 2009 நவம்பரில் மோட் செய்த எக்ஸ்பாக்ஸ் 360-களைக் கூட்டம் கூட்டமாக எக்ஸ்பாக்ஸ் லைவிலிருந்து வெளியேற்றியதும் அதைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட்தான். 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு டெவ் மோட் என்ற கதவைத் திறந்ததும் அவர்கள்தான். பதிவுக் கட்டணம் அப்போது சுமார் 19 டாலர். பதிவு செய்துகொண்டால், கடையில் வாங்கிய அதே எக்ஸ்பாக்ஸில் நீங்கள் எழுதிய நிரலை ஓட்டலாம். பழைய கன்சோல்களைப் போல நடிக்கும் ரெட்ரோஆர்ச் வரைக்கும் அதில் ஓடுகிறது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகளின் கள்ளப்பிரதிக்கு அந்தப் பக்கம் வழி கிடையாது, ஏனென்றால் விற்பனைக்கு வந்த எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுகள் டெவ் மோடில் ஓடாது. ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒரு இடம் கொடுத்துவிட்டால், பூட்டை உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்குக் குறைந்துவிடுகிறது. நின்டெண்டோ இப்படி ஒன்றை யோசிக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

2025: வலை விரிகிறது

சுவிட்ச் 2 வருவதற்குச் சற்று முன், 2025 மே மாதத்தில், நின்டெண்டோ தன் பயனர் ஒப்பந்தத்தை மாற்றியது. அமெரிக்கப் பதிப்பில், விதி மீறினால் கணக்குச் சேவைகளை மட்டுமல்லாமல் சாதனத்தையே முழுமையாகவோ பகுதியாகவோ நிரந்தரமாகப் பயன்படாமல் செய்யலாம் என்று சேர்த்துக்கொண்டது. பிரேசிலில் சாவ் பாவ்லோ மாநில நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான புரோகான், இப்படிப்பட்ட ஷரத்துகளை எதிர்த்து நின்டெண்டோவிடம் முறையிட்டது.

ஜூன் 5 அன்று சுவிட்ச் 2 வந்தது. சில நாட்களிலேயே, மிக் சுவிட்ச் என்ற ஃபிளாஷ் கார்டைச் செருகியவர்களுக்கு 2124-4508 என்ற புது எண்ணோடு தடை விழத் தொடங்கியது. இது ஹோம்ப்ரூ அல்ல. விளையாட்டுக் கார்டின் உள்ளடக்கத்தை, சான்றிதழ் உட்பட, நகலெடுத்து அசல் கார்டு போல நடிக்கும் சாதனம். ஆனாலும் தாம் காசு கொடுத்து வாங்கிய கார்டின் நகலைத்தான் ஓட்டினோம் என்று சொன்னவர்களும் மாட்டினார்கள்.

இந்தப் பகுதியில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது மூன்றாம் ஆள்களின் கதை. யாரோ ஒருவர் தன் அசல் கார்டை மிக் சுவிட்சுக்கு நகலெடுத்துக்கொண்டு, அசலைப் பழைய பொருளாக விற்றுவிடுகிறார். நகலும் அசலும் ஒரே சான்றிதழோடு ஆன்லைனில் உலவுகின்றன. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பை விலை கொடுத்து வாங்கியவர் நோகிறார். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் பழைய சுவிட்ச் கார்டுகளை வாங்கிச் சுவிட்ச் 2-இல் போட்ட ஒருவருக்குத் தடை வந்ததும், கார்டுகளின் புகைப்படங்களையும் விற்பனை விளம்பரத்தையும் ஆதரவுப் பிரிவுக்கு அனுப்பித் தடையை நீக்க வைத்ததும் அப்போது செய்தியானது. பேசினால் கேட்க ஆள் இருக்கிறார் என்று அதிலிருந்து தெரிகிறது, அந்த அளவுக்கு நல்லது. ஆனால் குற்றமற்றவர் என்று நிரூபிக்கும் வேலை வாங்கியவர் தலையில்தான் விழுந்தது.

சுவிட்ச் 2-இல் தடையின் கனமும் கூடியிருக்கிறது. பல விளையாட்டுகள் இப்போது கீ-கார்டாக வருகின்றன. கார்டில் விளையாட்டு இருக்காது, இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். ஆன்லைன் மூடப்பட்ட சாதனத்தில் அந்தக் கார்டை வைத்து என்ன செய்வது?

சட்டமும் பழைய சுவிட்ச் வாங்குபவரும்

அமெரிக்காவில் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவில் வருகிறது. கைபேசிகளுக்கு 2010-லிருந்து விலக்கு இருக்கிறது. கேம் கன்சோலுக்குக் கேட்டபோது 2012-இல் மறுத்துவிட்டார்கள். 2021-இல் கிடைத்தது, டிஸ்க் டிரைவைப் பழுதுபார்க்க மட்டும். இந்தியாவில் 2012 திருத்தத்தில் வந்த பதிப்புரிமைச் சட்டம் 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அங்கே நோக்கம் என்ற நிபந்தனை இருப்பது ஹோம்ப்ரூ மட்டும் ஓட்டுபவருக்குச் சாதகம்தான். ஆனால் தடை என்பது சட்டத்தின் வேலை அல்லவே. ஒப்பந்தத்தை வைத்து நிறுவனம் எடுக்கும் முடிவு அது.

நின்டெண்டோ இந்தியாவில் சுவிட்சை நேரடியாக விற்பதில்லை. இங்கே கைக்கு வருவது இறக்குமதி செய்ததோ, இன்னொருவர் பயன்படுத்தியதோதான். பழையதை வாங்குபவர் திரையில் கீறல், ஜாய்-கான் டிரிஃப்ட் (தொடாமலே நகர்வது), பேட்டரி எல்லாம் பார்ப்பார். தடை வெளியே தெரியாது, கார்டு போட்டால் விளையாட்டு ஓடவும் செய்யும். எனவே காசு கொடுப்பதற்கு முன் உங்கள் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கில் நுழைந்து, இ-ஷாப்பைத் திறந்து பாருங்கள். கணக்குக்கு அமெரிக்கா போல இ-ஷாப் இருக்கும் நாட்டைத் தேர்ந்திருக்க வேண்டும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. கடை திறந்து, ஒரு இலவச டெமோ இறங்கத் தொடங்கிவிட்டால் அந்த நிமிடத்தில் தடை இல்லை. சீரியல் எண்ணை வைத்து அது ஓட்டை அடைபடாத, 2018 நடுவுக்கு முந்தைய சாதனமா என்றும் பார்க்கலாம். அப்படியானால் விற்பவரிடம் ஹோம்ப்ரூ போட்டிருந்தாரா, ஆன்லைன் போனாரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பழைய உரிமையாளர் அனுப்பிவைத்த பதிவுக்கான தடை, நீங்கள் வாங்கிப்போன பிறகும் வரலாம். அதனால் விற்றவரின் தொடர்பு எண்ணையும் விற்பனை விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் சில மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள். மார்க்கெட்பிளேஸில் கார்டு வாங்கியவருக்குத் தடை நீங்கியதே அப்படி ஒரு ஆதாரம் கையில் இருந்ததால்தான்.